பக்கத்தில் அமர்ந்து கற்பித்தல்



புள்ளியியலும் நிகழ்தகவும் மாணவர் உள்ளத்தில் எவ்வாறு பதிகின்றன, அதற்குத் தனிப்பயிற்சி எவ்வாறு துணைசெய்கிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கணக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் வானொலியை நிறுத்திவிட நினைப்பவர்கள் உங்களுள் சிலர் இருக்கக்கூடும். அவர்களை ஒரு பதினைந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இல்லாமல், இரண்டு நாணயங்களையும் சில முறுக்குகளையும் வைத்துக்கொண்டே நான் பேசப் போகிறேன்.

நான் மணப்பாறையைச் சேர்ந்தவன். கணித ஆசிரியனாகப் பணியில் சேர்ந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றவற்றுள் பலவற்றைக் காலம் அழித்துவிட்டது. ஆயினும், மாணவனுடைய விடையைத் திருத்துவது எளிது, அவனுடைய எண்ணத்தைத் திருத்துவதே கடினம் என்று அங்கே ஒரு பேராசிரியர் கூறியது மட்டும் இன்றளவும் நினைவில் நிற்கிறது. அச்சொல்லின் முழுப்பொருள் எனக்கு விளங்கியது வகுப்பறையில் அன்று. மாலை வேளைகளில், என் வீட்டுத் திண்ணையில்தான் விளங்கியது.

பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எட்டு இயல்களுள் எட்டாவதாக, அதாவது இறுதியாக நிற்பது, ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ என்ற இயல். இறுதியில் இருப்பதனால், ஆண்டின் இறுதியிலேதான் அது பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. திருப்புதல் தேர்வுகள் நெருங்கிவிடும், ஆசிரியர் விரைவார், மாணவர் சூத்திரத்தை எழுதிக்கொள்வர். திட்ட விலக்கத்துக்கு இன்ன சூத்திரம், மாறுபாட்டுக் கெழுவுக்கு இன்ன சூத்திரம் என்று மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெற்றுவிடுவர். ஆனால், ‘திட்ட விலக்கம் என்றால் என்ன, தம்பி?’ என்று கேட்டால் சூத்திரத்தைத்தான் திரும்பச் சொல்வர். இது மாணவர் குற்றமன்று. ஐம்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒவ்வொருவர் எண்ணத்தையும் தொட்டுப் பார்க்க ஆசிரியருக்கு நேரம் இல்லை என்பதே உண்மை.

கணிதத்தின் மற்றப் பகுதிகளைக் காட்டிலும் நிகழ்தகவில் இந்தக் குறை பெரிதாகத் தாக்குகிறது. ஏன் என்று கூறுகிறேன். ஒரு சமன்பாட்டைத் தவறாகத் தீர்த்தால், விடையை அதில் இட்டுப் பார்த்த மாத்திரத்தில் தவறு வெளிப்பட்டுவிடும். நிகழ்தகவில் அப்படியன்று. நம் இயல்பான ஊகமே நம்மை ஏமாற்றும். தவறான விடையும் மிக நேர்மையான முகத்துடன் வந்து நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு நாணயங்களைச் சேர்த்துச் சுண்டுகிறோம். ஒன்று தலையும் மற்றொன்று பூவுமாக விழுவதற்கு நிகழ்தகவு என்ன? என் மாணவன் ஒருவன் மூன்றில் ஒன்று என்றான். ‘இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ, ஆக மூன்று வகை, அவற்றுள் ஒன்று’ என்பது அவன் வாதம். வகுப்பில் நான் கூறுவெளியைக் கரும்பலகையில் எழுதி, நான்கு விளைவுகளுள் இரண்டு, ஆகவே விடை இரண்டில் ஒன்று என்று காட்டினேன். அவன் எழுதிக்கொண்டான், தேர்வில் சரியாகவும் எழுதினான். சில வாரங்கள் கழித்துத் திண்ணையில் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டேன். தயங்காமல் மூன்றில் ஒன்று என்றான்! விடை திருந்தியிருந்தது, எண்ணம் திருந்தவில்லை.

அப்பொழுது நான் சூத்திரம் எதுவும் சொல்லவில்லை. ஓர் ஒற்றை ரூபாய் நாணயத்தையும் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தையும் அவன் கையில் கொடுத்தேன். ‘நாற்பது முறை சுண்டு. சுண்டுவதற்கு முன், எத்தனை முறை கலப்பாக விழும் என்று நீ எண்ணுவதைத் தாளில் எழுதி வை’ என்றேன். அவன் பதின்மூன்று என்று எழுதினான். பிறகு சுண்டினான், கோடு கிழித்துக் கணக்கு வைத்தான். இரண்டும் தலை 11, இரண்டும் பூ 8, கலப்பு 21. அவன் தாளையும் நாணயங்களையும் மாறி மாறிப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. சற்று நேரம் கழித்து, ‘ஐயா, ஒற்றை ரூபாய் தலையாகவும் ஐந்து ரூபாய் பூவாகவும் விழுவது ஒன்று, அதற்கு மாறாக விழுவது வேறொன்று. நான் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டேன்’ என்றான். அன்று முதல் அவன் அந்தத் தவற்றைச் செய்யவில்லை.

அவன் செய்த தவறு எளியவர் மட்டும் செய்யும் தவறும் அன்று. பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் டாலம்பேர், 1754-ஆம் ஆண்டில் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில், ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டும்போது ஒரு முறையேனும் தலை விழுவதற்கு நிகழ்தகவு மூன்றில் இரண்டு என்று வாதிட்டார். சரியான விடை நான்கில் மூன்று. அத்துணைப் பெரிய கணித அறிஞரே இடறிய இடத்தில் மணப்பாறைச் சிறுவன் ஒருவன் இடறினான் என்றால் அதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது? இச்செய்தியை அவனிடம் கூறியபோது அவன் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை நான் மறக்க முடியாது. இதுவும் தனிப்பயிற்சியின் ஒரு பயன்தான். ஐம்பது பேர் நடுவே தவறு செய்வது வெட்கம். ஒருவர் முன்னிலையில் தவறு செய்வது கல்வி.

இனிப் புள்ளியியலுக்கு வருவோம். எங்கள் ஊர் முறுக்கை நீங்கள் அறிவீர்கள். 2023-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முறுக்குச் சுட்டு விற்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி என்னிடம் பாடம் கேட்க வந்தாள். திட்ட விலக்கம் அவளுக்குப் பிடிபடவில்லை. நான் கேட்டேன்: ‘ஒருவர் சுட்ட ஐந்து முறுக்குகளின் எடை 18, 19, 20, 21, 22 கிராம். மற்றொருவர் சுட்டவை 10, 15, 20, 25, 30 கிராம். இருவர்க்கும் சராசரி 20 கிராம்தான். நீ கடை வைத்திருந்தால் யாரிடம் வாங்குவாய், அம்மா?’

‘முதலாமவரிடம்தான். இரண்டாமவர் முறுக்கில் சிறியது கருகும், பெரியது வேகாது’ என்றாள்.

‘அந்த வேறுபாட்டை ஓர் எண்ணால் சொல்’ என்றேன். அவள் ஒவ்வோர் எடையிலிருந்தும் 20-ஐக் கழித்துக் கூட்டினாள். முதலாமவர்க்குக் கூட்டுத்தொகை சுழி. இரண்டாமவர்க்கும் சுழி. திகைத்துப் போனாள். குறை ஒருபுறமும் மிகை ஒருபுறமும் நின்று ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன என்பதை அவளே கண்டாள். ‘குறைக்குறியை எப்படி நீக்கலாம்?’ என்று ஒரு சிறு கேள்வி மட்டும் கேட்டேன். ‘வர்க்கப்படுத்தலாம்’ என்றாள். முதலாமவர்க்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகை 10. ஐந்தால் வகுக்க 2. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.41. இரண்டாமவர்க்குக் கூட்டுத்தொகை 250; ஐந்தால் வகுக்க 50; வர்க்கமூலம் ஏறத்தாழ 7.07. ‘ஐயா, இதுதானே புத்தகத்தில் உள்ள சூத்திரம்!’ என்று அவள் வியந்தாள். ஆம், அதுதான். ஆனால், முன்னே அது அவளுக்குப் பிறர் சொன்ன சூத்திரம். இப்பொழுது அவளே கண்டுபிடித்த சூத்திரம்.

மணப்பாறை மாட்டுச் சந்தையும் எனக்கு நல்ல பாடப்புத்தகமாக விளங்கியது. ஐந்து மாடுகள் விற்றன என்று கொள்வோம். நான்கின் விலை 20, 22, 25, 28 ஆயிரம் ரூபாய். ஐந்தாவது ஒரு சல்லிக்கட்டுக் காளை. அதன் விலை 1,55,000 ரூபாய். சராசரி விலை 50,000 ரூபாய் ஆகிறது. ஆனால், அந்த விலைக்கு அருகில் ஒரு மாடும் விற்கவில்லை. நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 28,000 ரூபாய் என்று சிலர் அவசரத்தில் கூறுவர். வரிசைப்படுத்தி எண்ணிப் பாருங்கள். மூன்றாவதாக நிற்பது 25,000 ரூபாய். சந்தைக்கு மாடு வாங்கப் போகும் உழவனுக்கு இவ்விரண்டு அளவுகளுள் எது வழிகாட்டும் என்பதை நான் கூறவும் வேண்டுமோ?

இவ்வாறு பக்கத்தில் அமர்ந்து கற்பிப்பதனால் பயன் உண்டு என்பது என் அனுபவம். ஆனால், புள்ளியியலைப் பற்றிப் பேசும்போது ஒருவருடைய அனுபவத்தை மட்டும் சான்றாகக் காட்டுவது தகாது. இதனை அளந்து பார்த்தவர்கள் உண்டா? உண்டு. சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம், 1984-ஆம் ஆண்டில் ஒரு புகழ்பெற்ற கட்டுரை வெளியிட்டார். அவருடைய ஆய்வு மாணவர்களான அனானியாவும் பர்க்கும் செய்த சோதனைகள் அதற்கு அடிப்படை. அச்சோதனைகளில் கற்பிக்கப்பட்ட பாடங்கள் இரண்டு. அவற்றுள் ஒன்று, நண்பர்களே, நிகழ்தகவு! மற்றொன்று நிலப்பட வரைவியல். ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட வழக்கமான வகுப்பில் சிலர் கற்றனர். ஒருவர்க்கு, அல்லது இருவர் மூவர்க்கு, ஓர் ஆசிரியர் என்ற முறையில் வேறு சிலர் கற்றனர். காலம் மூன்று வாரம். முடிவில், தனிப்பயிற்சி பெற்றவர்களுள் நடுத்தர மாணவன், வழக்கமான வகுப்பில் பயின்றவர்களுள் நூற்றுக்கு 98 பேரை விஞ்சி நின்றான். இரண்டு திட்ட விலக்க அளவு முன்னேற்றம் என்று இதனைக் கூறுவர். நீங்கள் கற்கும் திட்ட விலக்கமே இங்கு அளவுகோலாக வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

இந்த எண்ணைக் கேட்டு உடனே மயங்கிவிடலாகாது. அந்த மாணவர்களுக்கு இடையிடையே சிறு தேர்வுகள் வைத்து, தவறிய பகுதியை மீண்டும் கற்பித்து, அதில் தேர்ந்த பிறகே அடுத்த பகுதிக்குச் சென்றார்கள். ஆகவே முழுப் பெருமையும் பக்கத்தில் அமர்ந்ததற்கே உரியது என்று கூற இயலாது. பின்னர் வான்லென் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், தனிப்பயிற்சியின் பயன் ஏறத்தாழ 0.79 திட்ட விலக்கம் என்றே கண்டார். அதாவது, நூற்றுக்கு 98 பேரை அன்று, ஏறத்தாழ 78 பேரை விஞ்சும் அளவு. இதுவும் சிறிய பயன் அன்று. ஆனால், இரண்டுக்கும் 0.79-க்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து பேசுவதே புள்ளியியல் கற்றவனுக்கு அழகு.

இந்த இடத்தில் என் சொந்தத் தவறுகள் இரண்டை உங்களிடம் கூற வேண்டியவனாக இருக்கிறேன்.

ஓராண்டு, காலாண்டுத் தேர்வில் கடைசியாக நின்ற பத்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்து மாலை வகுப்பு நடத்தினேன். காலாண்டில் அவர்கள் சராசரி 22, அரையாண்டில் 37. பெற்றோர் கூட்டத்தில் இதனைப் பெருமிதத்துடன் எடுத்துரைத்தேன். மறுநாள், முன்னே நான் சொன்ன நாணயச் சிறுவன், அப்பொழுது மேல்வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவன், என்னிடம் வந்து பணிவாகக் கேட்டான்: ‘ஐயா, நீங்கள் வகுப்பு நடத்தாத ஆண்டில் கடைசிப் பத்துப் பேர் என்ன ஆனார்கள்?’

முந்தைய ஆண்டின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவ்வாண்டில் கடைசிப் பத்துப் பேர், ஒரு மாலை வகுப்பும் இல்லாமலே, 23-இலிருந்து 32-க்கு ஏறியிருந்தனர். அரையாண்டு வினாத்தாள் எளிதாக இருந்திருக்குமோ என்று எண்ணி, முதற்பத்துப் பேரைப் பார்த்தேன். அவர்கள் 93-இலிருந்து 88-க்கு இறங்கியிருந்தனர்! வினாத்தாள் எளிதாக இருந்திருந்தால் அவர்கள் இறங்குவானேன்? காரணம் வேறு. ஒரு தேர்வின் மதிப்பெண்ணில் அறிவும் உண்டு, அன்றைய நல்வாய்ப்பும் பொல்லாவாய்ப்பும் உண்டு. மிகக் கீழே நின்றவருள் பலர் அன்று காய்ச்சலாலோ கவலையாலோ வழக்கத்தினும் குறைவாக எழுதியவர்கள். அடுத்த முறை அவர்கள் தாமாகவே சற்று ஏறுவர். மிக மேலே நின்றவர் சற்று இறங்குவர். ஆங்கில அறிஞர் கால்ட்டன், 1886-இல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில் இவ்வியல்பைக் காட்டியிருக்கிறார். அதைப் பலமுறை படித்திருந்தும், என் பெருமை என் கண்ணை மறைத்துவிட்டது. ஏறிய 15 மதிப்பெண்ணில் ஒன்பதேனும் நான் இல்லாமலே வந்திருக்கக்கூடும்; ஆறே என் உழைப்பின் பயன் என்று கொள்வதே நேர்மை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவ்வாறே திருத்திச் சொன்னேன்.

இரண்டாவது தவறு இவ்வாறு திருத்தக்கூடியதாக இல்லை. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு தேர்வில் கணக்கில் எட்டு மதிப்பெண் வாங்கினான். அவன் தந்தையார் மாட்டுத் தரகர். பள்ளிக்கு வந்து, ‘பையன் எப்படிப் படிக்கிறான், சார்?’ என்று கேட்டார். நான் விடைத்தாளைக் காட்டி, ‘இவனுக்குக் கணக்கு வராதுங்க’ என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு தேர்வு. ஒரே ஒரு விடைத்தாள். ஒன்றை மட்டும் பார்த்துச் சராசரி சொல்லலாகாது என்று வகுப்பில் கற்பித்த அதே வாயால்தான் அதைச் சொன்னேன். அவர் என் சொல்லை ஆராயவில்லை. வாத்தியார் சொல் என்று மதித்தார். அடுத்த மாதம் முதல் பையன் பள்ளிக்கு வரவில்லை. தந்தையுடன் சந்தைக்குச் செல்லத் தொடங்கிவிட்டான். இன்று அவர் நன்றாகவே வாழ்கிறார். என்னைக் கண்டால் அன்புடன் வணங்குகிறார். அந்த வணக்கத்தை ஏற்கும்போதெல்லாம் எனக்கு நாணம் ஏற்படுகிறது. தொடர்ந்து படித்திருந்தால் அவர் என்னவாகியிருப்பார் என்று நான் கூற முடியாது. கூற முடியாது என்பதே அன்றும் சரியான விடையாக இருந்தது. அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

தனிப்பயிற்சி ஏன் பயன் தருகிறது என்பதன் விடை இந்த இரண்டாவது தவற்றிலேதான் எனக்குக் கிடைத்தது. தேர்வு என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஒற்றை மாதிரி. அதை வைத்து ஒரு பிள்ளையின் அறிவை மதிப்பிடுவது, ஒருமுறை சுண்டிவிட்டு நாணயத்தின் இயல்பைக் கூறுவதற்கு ஒப்பாகும். பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஆசிரியரோ ஒரே மாலையில் மாணவனுடைய எண்ணத்தை இருபது முப்பது முறை காண்கிறார். எங்கே தயங்கினான், எங்கே விரைந்தான், எதை உணர்ந்து எழுதினான், எதை ஊகித்து எழுதினான் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். மாதிரி பெருகப் பெருக மதிப்பீட்டில் பிழை குறையும் என்பது புள்ளியியலின் அடிப்படை விதி அன்றோ? அந்த விதி ஆசிரியருக்கும் பொருந்தும். அந்தச் சிறுவனுடன் நான் பத்து மாலைகள் அமர்ந்திருந்தால், ‘கணக்கு வராது’ என்ற சொல் என் வாயில் வந்திராது.

இனி, தனிப்பயிற்சி ஒருவருடைய வாழ்வை எங்கே கொண்டு சேர்க்கக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. சென்னையில் 1940-இல் பிறந்த சீனிவாச வரதன், பொன்னேரியில் பள்ளிக்கல்வி பயின்றவர். அங்கே அவருக்குக் கணிதம் கற்பித்த சுவாமிநாத ஐயர் என்ற ஆசிரியர், வார இறுதி நாட்களில் மாணவர் சிலரைத் தம் வீட்டுக்கு வரவழைத்துக் கணக்குகள் கொடுப்பாராம். அவை தேர்வுக்குரியவை அல்ல. சதுரங்கம்போல, புதிர்போல விளையாடி மகிழ்வதற்கு உரியவை. கணிதத்தைப் பற்றிய தம் பார்வையையே அது மாற்றியது என்று வரதன் பின்னாளில் ஒரு நேர்காணலில் நினைவுகூர்ந்தார். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் பயின்று 1959-இல் பட்டம் பெற்றார். கல்கத்தாவில், மகலனோபிஸ் 1931-இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குச் சென்றார். தொழிற்சாலைப் பணிக்குரிய புள்ளியியலைக் கற்கும் எண்ணத்துடன் சென்றவரை, அங்கிருந்த மூத்த ஆய்வு மாணவர்களான பார்த்தசாரதியும் ரங்கராவும் நிகழ்தகவுக் கொள்கையின் பக்கம் ஈர்த்தனர். நிகழ்தகவில் அவர் ஆற்றிய அடிப்படைப் பணிக்காக, 2007-ஆம் ஆண்டு நார்வே நாட்டின் ஆபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

வரதன் வாழ்வில் இருவகைத் துணை இருப்பதைக் காண்க. ஒன்று, ஆசிரியர் வீட்டில் கிடைத்த துணை. மற்றொன்று, உடன்பயின்ற நண்பர்கள் தந்த துணை. இரண்டாவது துணைக்குப் பணம் வேண்டுவதில்லை.

பணம் என்ற சொல் வந்ததனால் ஒன்று கூற விரும்புகிறேன். விடையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அறுபது பேரைப் படியெடுக்கச் செய்வதை நான் தனிப்பயிற்சி என்று சொல்லவில்லை. அது இன்னொரு வகுப்பறை. கட்டணம் மட்டும் வேறு. உண்மையான தனிப்பயிற்சியில் ஆசிரியர் குறைவாகப் பேசுவார், மிகுதியாகக் கேட்பார். சுண்டுவதற்கு முன் ஊகத்தை எழுதச் சொல்வார். தவறு வந்தால் உடனே பாய்ந்து திருத்தாமல், அந்தத் தவறு எந்த எண்ணத்திலிருந்து பிறந்தது என்று தேடுவார். ஒரு வாரம் கழித்து அதே வினாவை வேறு உருவில் மீண்டும் கேட்பார். இதற்கு வேண்டுவன பொறுமையும் ஒரு திண்ணையும்தான்.

தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்ததனால் ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய, தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் குழந்தைகளைச் சிறு குழுக்களாக அமரவைத்துக் கற்பித்தனர். தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் இழந்த கல்வியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் கண்டது. மீண்டது முழுவதையும் திட்டத்தின் கணக்கில் சேர்க்காமல், தானாக மீண்டதையும் பயிற்சியால் மீண்டதையும் அந்த ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டியதைப் பாருங்கள். பெற்றோர் கூட்டத்தில் நான் செய்யத் தவறியது இதைத்தான்.

முடிக்கும் முன், நம் முன்னோர் கூறிய கதை ஒன்று. மகாபாரதத்தில் நளன், தன்னை மறைத்துக்கொண்டு இருதுபர்ணன் என்னும் மன்னனுக்குத் தேரோட்டியாக இருந்தான். வழியில் ஒரு தான்றி மரத்தைக் கண்ட மன்னன், கிளைகளைப் பார்த்த அளவிலேயே இலைகளும் காய்களும் இத்துணை என்று கூறினான். நளன் அதை அப்படியே நம்பவில்லை. தேரை நிறுத்தி, இறங்கி, எண்ணிப் பார்த்தான். சரியாக இருக்கவே, அந்த வித்தையைத் தனக்குக் கற்பிக்குமாறு வேண்டினான். மன்னன் எண்ணும் வித்தையையும் சூதின் நுட்பத்தையும் அவனுக்குக் கற்பித்தான். கைம்மாறாகக் குதிரை செலுத்தும் வித்தையைத் தருவதாக நளன் கூறியிருந்தான். இருவரும் கொடுத்தனர், இருவரும் பெற்றனர். அந்தக் கணக்கு அறியாமல்தான் நளன் முன்னே சூதில் நாட்டை இழந்திருந்தான். இக்காலத்தில் கைப்பேசியில் பணம் வைத்து ஆடி வீட்டை இழப்பவர்களுக்கும் அந்தக் கதை பொருந்தும். ஐந்து முறை தொடர்ந்து தோற்றவனுக்கு ஆறாவது முறை வெற்றி வந்தே தீரும் என்று ஒரு விதியும் இல்லை. நாணயத்துக்கு நினைவாற்றல் கிடையாது.

ஆகவே, மாணவ நண்பர்களே, இன்று மாலை ஒரு நண்பனையோ தோழியையோ அழைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாணயங்கள், ஒரு தாள், ஓர் எழுதுகோல் போதும். முதலில் ஊகியுங்கள், பிறகு சுண்டுங்கள், பிறகு ஒருவருக்கொருவர் காரணம் கேளுங்கள். நீங்கள் நாளை ஆசிரியராகவோ மருத்துவராகவோ பெற்றோராகவோ ஆகும்போது, ஒரு பிள்ளையை ஓர் எண்ணை வைத்துத் தீர்ப்புக் கூற வேண்டிய நேரம் வரலாம். அப்பொழுது, எட்டு மதிப்பெண் வாங்கிய அந்தச் சிறுவனை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கூறுங்கள்.